இருபதுகளில் எடைக் குறைப்பு ஆபரேஷன்: முடிவெடுக்கும் முன் போட வேண்டிய கணக்கு

வயது 22, எடை 130 கிலோ. எடைக் குறைப்பு ஆபரேஷன் செய்துகொள்ளலாமா என்று வீட்டில் பேச்செடுத்தால், "இந்த வயசுல எதுக்கு ஆபரேஷன்? வாயைக் கட்டு, காலையில எழுந்து ஓடு" என்பதுதான் முதலில் வரும் பதில். இணையத்தில் தேடினாலோ நேர் எதிர். ஆபரேஷனுக்கு முன்பு இப்படி, பின்பு இப்படி என்று ஜோடி ஜோடியாகப் படங்கள். இரண்டு நாளில் வீடு திரும்பலாம், ஒரே வருடத்தில் ஆளே மாறிவிடலாம் என்ற உறுதிமொழிகள். வீட்டார் பேச்சில், காத்திருப்பதால் நஷ்டம் ஒன்றும் இல்லை என்ற நினைப்பு ஒளிந்திருக்கிறது. விளம்பரத்தில், ஆபரேஷனுக்குப் பிறகு வாழப்போகும் ஐம்பது அறுபது வருடங்கள் காணாமல் போகின்றன. ஐம்பது வயதுக்காரருக்கு இந்த இரண்டு கணக்கும் சிறியவை. இருபதுகளில் இருப்பவருக்கு இரண்டுமே பெரியவை.

முதலில் "வாயைக் கட்டு" என்பதைப் பார்ப்போம். உணவுக் கட்டுப்பாடும் உடற்பயிற்சியும் வீண் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் மிக அதிக எடை உள்ளவர்கள் அந்த வழியில் குறைத்ததைத் தக்கவைப்பது அபூர்வம், அதற்கு உடலுக்குள்ளேயே காரணம் இருக்கிறது. அமெரிக்கத் தொலைக்காட்சியில் நடந்த எடைக் குறைப்புப் போட்டி ஒன்றில் கலந்துகொண்ட 14 பேரை, ஆறு வருடம் கழித்து கெவின் ஹால் என்ற ஆய்வாளரின் குழு பரிசோதித்தது. 2016இல் வெளிவந்த அந்த ஆய்வின்படி, போட்டியில் சராசரியாக 58 கிலோ குறைத்தவர்கள் அதில் 41 கிலோவைத் திரும்ப ஏற்றியிருந்தார்கள். அதுகூடப் பரவாயில்லை. சும்மா உட்கார்ந்திருக்கும்போது அவர்கள் உடல் செலவழித்த சக்தி, அதே உடல்வாகு உள்ள ஒருவர் செலவழிக்க வேண்டியதைவிட நாளுக்குச் சுமார் 500 கலோரி குறைவாக இருந்தது. எடை குறைந்ததும் உடல் அதைப் பஞ்சம் என்று எடுத்துக்கொள்கிறது. பசியைக் கூட்டுகிறது, செலவைச் சுருக்குகிறது. எவ்வளவு மனஉறுதி உள்ளவரும் இதோடு தினமும் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது.

ஆபரேஷன் கைவைப்பது இந்த இடத்தில்தான். இப்போது அதிகம் செய்யப்படும் ஸ்லீவ் முறையில், இரைப்பையின் பக்கவாட்டில் நெடுக ஸ்டேப்பிள் போட்டு, முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சுவது வாழைப்பழ வடிவத்தில் ஒரு குழாய். கொள்ளளவு குறைவது ஒரு பக்கம். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோனைப் பெருமளவு சுரக்கும் மேல்பகுதி வெட்டுப்படும் பாகத்தோடு போய்விடுவது இன்னொரு பக்கம். பைபாஸ் முறையில் இரைப்பையின் மேல்முனையில் சுமார் 30 மில்லி பிடிக்கும் சின்னப் பையைத் தனியாகப் பிரித்து, அதைச் சிறுகுடலோடு நேராக இணைக்கிறார்கள். மீதி இரைப்பை உள்ளேயே இருக்கும், ஆனால் சாப்பாடு அந்த வழியாகப் போகாது. சாப்பாடு குடலின் கீழ்ப்பகுதிக்குச் சீக்கிரம் போய்ச் சேர்வதால் பசியை அடக்கி இன்சுலினைத் தூண்டும் ஜிஎல்பி-1 போன்ற ஹார்மோன்கள் அதிகம் சுரக்கின்றன. பலருக்கு எடை கணிசமாகக் குறையும் முன்பே, ஆபரேஷன் முடிந்த சில நாட்களில் சுகர் இறங்கத் தொடங்குவது இதனால்தான்.

இந்தத் துறையின் வரலாற்றைக் கொஞ்சம் தெரிந்துகொள்வது இளைஞர்களுக்கு நல்லது. 1950களில் சிறுகுடலின் பெரும்பகுதியைத் தவிர்க்கும்படி இணைத்தார்கள். எடை குறைந்தது, ஆனால் கல்லீரல் பழுது உள்ளிட்ட கடும் பாதிப்புகள் வந்து அந்த முறையே கைவிடப்பட்டது. 1966இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன் இரைப்பை பைபாஸைத் தொடங்கினார். பிறகு இரைப்பையைச் சுற்றி இறுக்கும் பேண்ட் வந்தது. 2001இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்து, சில வருடங்கள் அதுதான் ஃபேஷன். வெட்டு இல்லை, வேண்டாமென்றால் கழற்றிவிடலாம் என்று சொல்லி விற்றார்கள். ஏராளமானோர் உண்மையிலேயே கழற்ற வேண்டி வந்ததில் அதன் மவுசு போயிற்று. ஸ்லீவ் பரவலானது அதற்குப் பிறகுதான். ஆக, 20 வயதில் ஸ்லீவ் செய்துகொண்டு 60 வயதைத் தொட்ட தலைமுறை என்று ஒன்று இன்னும் உருவாகவே இல்லை. வெட்டி எடுத்த இரைப்பை திரும்பியும் வராது.

யாருக்கு இந்த ஆபரேஷன் என்பதற்கு 1991இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் வகுத்த வரையறைதான் முப்பது வருடம் ஓடியது: பிஎம்ஐ (உயரத்தோடு ஒப்பிட்டு எடையைச் சொல்லும் எண்) 40க்கு மேல், அல்லது 35க்கு மேல் இருந்து கூடவே சுகர், பிபி போன்ற நோய்கள். 2022இல் அமெரிக்க, சர்வதேச எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைச் சங்கங்கள் சேர்ந்து இதைத் தளர்த்தின. வேறு நோய் இல்லாவிட்டாலும் 35 போதும்; 30க்கு மேல் இருந்து சுகர் போன்ற வளர்சிதை மாற்றக் கோளாறு இருந்தாலும் யோசிக்கலாம். குறைந்த எடையிலேயே நோய் வந்துவிடும் ஆசிய வம்சாவளியினருக்கு 27.5 என்பதே எல்லை. இதெல்லாம் கதவு எங்கே திறக்கிறது என்று சொல்லும் எண்கள். உள்ளே போக வேண்டுமா என்பது வேறு கேள்வி. பிஎம்ஐ 36, நோய் ஒன்றும் இல்லை, வயது 21 என்றால் தகுதி உண்டு என்ற ஒரே காரணத்துக்காகக் கத்தியின்கீழ் போக நான் அவசரப்பட மாட்டேன்.

இனி ஒரு சின்னக் கணக்கு. நம் 22 வயதுக்காரரின் உயரம் 170 செ.மீ. என்று வைப்போம். 130 கிலோவில் பிஎம்ஐ 45. அந்த உயரத்துக்கு பிஎம்ஐ 25 என்பது 72 கிலோ. அதாவது "கூடுதல் எடை" 58 கிலோ. ஆபரேஷனில் மொத்த எடையில் 27 சதவீதம் குறைகிறது என்றால் போவது 35 கிலோ. இதையே "கூடுதல் எடையில் 60 சதவீதம் குறையும்" என்றும் சொல்லலாம். இரண்டும் ஒரே 35 கிலோதான். விளம்பரத்தில் எந்த எண் வரும் என்று சொல்லத் தேவையில்லை. சரி, 35 கிலோ குறைந்த பிறகு அவர் எங்கே நிற்கிறார்? 95 கிலோ, பிஎம்ஐ 33. அட்டவணைப்படி இன்னமும் உடல்பருமன்தான். மருத்துவக் கண்ணில் இது நல்ல வெற்றி. சுகர் இறங்கியிருக்கும், மூட்டு வலி தணிந்திருக்கும், தூக்கத்தில் மூச்சு அடைப்பது குறைந்திருக்கும். ஆனால் 70 கிலோ உடம்பைக் கற்பனை செய்துகொண்டு போனவருக்கு இது தோல்வியாகத் தெரியும். போதாக்குறைக்கு வயிற்றிலும் கையிலும் தொடையிலும் தோல் தொங்கும், அதைச் சரிசெய்ய வேண்டுமானால் தனி ஆபரேஷன்.

இதே கணக்கைக் காத்திருப்பவருக்கும் போட்டுப் பார்க்கலாம். அவர் எடை ஐந்தாறு வருடத்தில் 170 கிலோ ஆகி, அப்போது ஆபரேஷன் செய்து அதே 27 சதவீதம் குறைந்தால் 124 கிலோவில் வந்து நிற்பார். பிஎம்ஐ 43. கிட்டத்தட்ட முன்பு தொடங்கிய இடம். எந்த எடையில் ஆபரேஷன் மேஜையில் ஏறுகிறோமோ அதைப் பொறுத்தே எடை இறங்கி நிற்கும் இடமும். எல்லோருக்கும் எடை இப்படி ஏறிக்கொண்டே போகும் என்பதில்லை. ஆனால் சில வருடங்களாகத் தன் எடை எந்தப் பக்கம் போகிறது என்பது அவரவருக்குத் தெரியும்.

காத்திருப்பதன் விலை சுகர் விஷயத்தில் இன்னும் பளிச்சென்று தெரிகிறது. சின்ன வயதில் வரும் டைப் 2 சுகர் முரட்டுத்தனமானது. பதின்வயதில் அது வந்தவர்களை அமெரிக்காவில் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்றில், சராசரி வயது 26ஐ எட்டும்போதே 60 சதவீதம் பேருக்குக் கண், சிறுநீரகம், நரம்பு ஆகியவற்றில் ஏதாவது ஒரு பாதிப்பு வந்துவிட்டிருந்தது. ஆபரேஷனால் சுகர் விலகும் வாய்ப்பும் இளையவர்களுக்கே அதிகம். டீன்-லாப்ஸ் என்ற அமெரிக்க ஆய்வின் 2019ஆம் ஆண்டு முடிவில், சுகர் இருந்து பதின்வயதில் பைபாஸ் செய்துகொண்டவர்களில் 86 சதவீதம் பேருக்கு ஐந்து வருடம் கழித்தும் சுகர் விலகியிருந்தது. பெரியவர்களில் அது 53 சதவீதம். எடை குறைந்த அளவோ இரு தரப்புக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் அதே ஆய்வின் பத்து வருட முடிவு 2024இல் வந்தபோது, சுகர் விலகிய நிலையில் இருந்தவர்கள் 55 சதவீதமாகக் குறைந்திருந்தார்கள். பிஎம்ஐ, தொடங்கிய இடத்திலிருந்து சராசரியாக 20 சதவீதம் கீழே இருந்தது. பத்து வருடத்துக்கு இது பெரிய விஷயம்தான். காலப்போக்கில் பலன் தேய்கிறது என்பதும் உண்மை. ஆயுள் பற்றி அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் ஸ்வீடன் ஆய்வில், ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் செய்யாதவர்களைவிடச் சுமார் மூன்று வருடம் கூடுதலாக வாழ்ந்ததாகத் தெரிந்தது. அதில் சேர்க்கப்பட்டவர்களின் குறைந்தபட்ச வயது 37 என்பதைச் சேர்த்துச் சொல்பவர்கள் குறைவு.

ஆபரேஷன் மேஜையில் என்ன ஆகுமோ என்ற பயம்தான் எல்லோருக்கும் முதலில் வருவது. நியாயமான பயம். ஆனால் கணக்குப்படி அது இந்த முடிவின் சின்னப் பகுதி. 2009இல் வந்த பெரிய அமெரிக்க ஆய்வில் முதல் 30 நாளில் இறந்தவர்கள் 0.3 சதவீதம். அதன் பிறகு வந்த பதிவேடுகளில் அது ஆயிரத்தில் ஒருவர் என்ற அளவுக்கு இறங்கியிருக்கிறது. தையல் வழியாகக் கசிவு, ரத்தக்கசிவு, காலில் ரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போவது ஆகியவை சர்ஜன் விளக்கிச் சொல்ல வேண்டிய ஆபத்துகள். பெரும்பாலும் சொல்லிவிடுவார்கள். அவ்வளவாகப் பேசப்படாதது அப்புறம் வரும் வருடங்கள்.

முதல் சில வாரங்கள் எப்படி இருக்கும் என்று பார்த்தால் ஓரளவு பிடிபடும். ஆபரேஷனுக்கு முன்பே கல்லீரலைச் சுருக்க ஒன்றிரண்டு வாரம் பத்தியம். பிறகு தண்ணீரைக்கூடச் சின்னக் கப்பில் 30 மில்லி ஊற்றி உறிஞ்ச வேண்டும், மடக்கென்று குடித்தால் நெஞ்சு அடைக்கும். நீர் உணவு, கூழ், மென்மையான உணவு என்று படிப்படியாக ஏறி, சாதாரணச் சாப்பாட்டுக்கு வர ஆறு முதல் எட்டு வாரம் ஆகலாம். வந்த பிறகும் சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கக் கூடாது. அரை மணி நேரம் விட வேண்டும். நாளுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம். இடம் குறைவு என்பதால் தட்டில் முதலில் அதைத்தான் முடிக்க வேண்டும். நாலு வாய் போனதும் விக்கலோ மூக்கில் நீரோ வந்து "போதும்" என்று உடல் சொல்லும். ஐந்தாவது வாய் வாந்தியில் முடியலாம். பைபாஸ் செய்தவர் இனிப்பை ஒரேயடியாகச் சாப்பிட்டால் வியர்த்து, படபடத்து, வயிறு கலக்கிப் படுத்துவிட நேரும். நண்பர்கள் கூட்டமாகச் சாப்பிடும் மேஜையில் இதை எல்லோருக்கும் விளக்கிக்கொண்டிருப்பது தனி அலுப்பு. மூன்றாம் மாதத்தில் பலருக்கு முடி கொட்டத் தொடங்கும். பெரும்பாலும் திரும்ப முளைத்துவிடும், ஆனால் அந்த நேரத்தில் யாருக்கும் அது ஆறுதலாக இருப்பதில்லை.

இதையெல்லாம்கூடச் சமாளித்துவிடலாம். இளையவர்கள் சறுக்குவது மாத்திரையில். மல்டிவைட்டமின், இரும்புச்சத்து, பி12, கால்சியம், வைட்டமின் டி எல்லாம் ஆயுள் முழுக்க எடுக்க வேண்டியவை. மேலே சொன்ன அதே டீன்-லாப்ஸ் ஒப்பீட்டில், உடலில் இரும்புக் கையிருப்பு குறைந்தவர்கள் பெரியவர்களில் 29 சதவீதம், இளையவர்களில் 48 சதவீதம். வயிற்றில் மறுபடி ஆபரேஷன் தேவைப்பட்டதும் இளையவர்களுக்கே அதிகம். இருபது வயதில் உடம்பு நன்றாக இருக்கும்போது யாருக்கு மாத்திரை ஞாபகம் வரும்? படிப்பு முடிந்து வேலை, வேலைக்காக வேறு ஊர், பழைய ஆஸ்பத்திரியின் ஃபோன் நம்பர்கூடத் தொலைந்துபோகும் வயது இது. பி12 கையிருப்பு கல்லீரலில் வருடக்கணக்கில் இருப்பதால் குறைபாடு மெதுவாகத்தான் தலைகாட்டும். கால் மரத்துப்போகத் தொடங்கும்போது அதற்கும் பழைய ஆபரேஷனுக்கும் முடிச்சுப்போட யாருக்கும் தோன்றாது. வைட்டமின் பி1 அப்படியில்லை. சில வாரம் வாந்தி நிற்காமல் இருந்தாலே அது தீர்ந்து மூளையைப் பாதிக்கலாம். ஆபரேஷன் செய்தவருக்கு விடாத வாந்தி என்பது அவசர சிகிச்சை. எலும்பு இன்னொன்று. எலும்பின் உறுதி உச்சத்தைத் தொடுவதே இருபதுகளில்தான். அந்த நேரத்தில் எலும்பைத் தேய்க்கும் ஒரு ஆபரேஷனைச் செய்கிறோம், அதிலும் பைபாஸ் கூடுதலாகத் தேய்க்கும்.

பெண்களுக்கு இன்னும் சில விஷயங்கள் இருக்கின்றன. எடை குறையும்போது, பிசிஓஎஸ் (ஹார்மோன் கோளாறால் மாதவிடாய் தவறும் சினைப்பை நோய்) உள்ளவர்களுக்கும் சேர்த்து, மாதவிடாய் சீராகிக் கருத்தரிக்கும் வாய்ப்பு திடீரென்று கூடும். ஆனால் எடை வேகமாகக் குறையும் காலத்தில், முதல் 12 முதல் 18 மாதம், கர்ப்பம் வேண்டாம் என்றே மருத்துவர்கள் சொல்கிறார்கள். பைபாஸுக்குப் பிறகு கருத்தடை மாத்திரை சரியாக உறிஞ்சப்படாமல் போகலாம் என்பதால் வேறு வழியை முன்கூட்டியே பேசிவைக்க வேண்டும். பிற்காலக் கர்ப்பத்தைப் பொறுத்தவரை 2015இல் வந்த ஸ்வீடன் ஆய்வு இரண்டு பக்கமும் காட்டியது: கர்ப்பகால சுகர் குறைந்தது, எடை குறைந்த குழந்தைகள் பிறப்பது கூடியது. குழந்தை பெறும் திட்டம் இருந்தால் சர்ஜனிடம் முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது.

மது பற்றியும் வெளிப்படையாகப் பேசிவிட வேண்டும். ஆபரேஷனுக்குப் பிறகு அது ரத்தத்தில் வேகமாக ஏறும், போதை நீடிக்கும். 2012இல் வந்த ஆய்வில் மதுப் பிரச்சினை ஆபரேஷன் முடிந்த இரண்டாம் வருடத்தில் கூடியது தெரிந்தது. இளைஞர்கள், ஆண்கள், ஏற்கெனவே குடிப்பவர்கள், பைபாஸ் செய்தவர்கள் ஆகியோருக்கு ஆபத்து அதிகம். சிகரெட்டும், தலைவலிக்குச் சட்டென்று போடும் ஐபுப்ரோஃபென் வகை மாத்திரைகளும் பைபாஸ் இணைப்பில் புண்ணை உண்டாக்கும். ஸ்லீவுக்குப் பிறகு நெஞ்செரிச்சல் புதிதாக வரலாம், இருப்பது மோசமாகலாம். ஏற்கெனவே கடும் நெஞ்செரிச்சல் உள்ளவருக்கு ஸ்லீவைப் பரிந்துரைத்தால் காரணம் கேட்பது அவசியம்.

ஆபரேஷனுக்கு முன் மனநிலை மதிப்பீடு என்று ஒன்று உண்டு. பலர் அதை ஆர்.டி.ஓ. டெஸ்ட் மாதிரி எடுத்துக்கொண்டு, பாஸாக வேண்டுமே என்று மனச்சோர்வையும் இரவில் ஒளித்துச் சாப்பிடுவதையும் மறைக்கிறார்கள். கனடாவின் ஒன்டாரியோவில் ஆபரேஷன் செய்துகொண்ட 8,815 பேரைப் பின்தொடர்ந்தபோது, தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்டு அவசர சிகிச்சைக்கு வருவது ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கூடியிருந்தது. மொத்த எண்ணிக்கை சிறியதுதான், பெரும்பாலானோரின் மனநிலை மேம்படவே செய்கிறது. ஆனாலும் சோகத்துக்கும் கோபத்துக்கும் சாப்பாட்டையே மருந்தாக வைத்திருந்தவரிடமிருந்து அந்த மருந்து ஒரே நாளில் பறிபோகிறது. பதிலுக்கு என்ன இருக்கிறது என்று முன்பே பார்த்துவைக்கத்தான் அந்த மதிப்பீடு.

இப்போது மூன்றாவது வழியாக ஊசி மருந்துகள் வந்துவிட்டன. எடைக் குறைப்புக்கென 2021இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற செமாக்ளூடைட் ஆய்வில் சராசரியாக 15 சதவீதம் குறைத்தது. 2023இல் வந்த டிர்செபடைட் அதிகபட்ச டோஸில் 20 சதவீதத்தைத் தொட்டது. நிறுத்தினால் எடை திரும்புகிறது: செமாக்ளூடைடை நிறுத்தியவர்கள் ஒரே வருடத்தில் குறைத்ததில் மூன்றில் இரண்டு பங்கைத் திரும்ப ஏற்றினார்கள். கர்ப்பத்துக்குத் திட்டமிட்டால் இரண்டு மாதம் முன்பே நிறுத்த வேண்டும் என்பதும் உண்டு. என் கருத்தில், பிஎம்ஐ 35க்கும் 40க்கும் இடையில், பெரிய நோய் இல்லாத ஓர் இளைஞர், மருந்து கைக்கெட்டும் நிலையில் இருந்தால் அதை முதலில் முயன்று பார்ப்பதுதான் நியாயம். ஒத்துவராவிட்டால் ஊசியை நிறுத்தலாம். பிஎம்ஐ 50, சுகர், தூக்கத்தில் மூச்சடைப்பு என்று எல்லாம் சேர்ந்திருப்பவரை வருடக்கணக்கில் ஊசியிலேயே ஓட்டச் சொல்வது வேறு விஷயம். அவருக்கு ஆபரேஷன்தான் இன்றும் பலமான சிகிச்சை. தேவைப்பட்டால் மருந்தைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

ஆஸ்பத்திரியைத் தேர்ந்தெடுக்கும்போது சர்ஜன் எத்தனை ஆபரேஷன் செய்தார் என்று எல்லோரும் கேட்பார்கள். அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, ஐந்து வருடத்துக்கு முன் செய்துகொண்டவர்களில் எத்தனை பேர் இன்னும் பரிசோதனைக்கு வருகிறார்கள் என்ற கேள்வி. பதில் சொல்லத் தடுமாறினால் அதுவே ஒரு பதில். "எனக்கு ஏன் ஸ்லீவ், ஏன் பைபாஸ் இல்லை? நான் வேறு ஊருக்குப் போனால் ரத்தப் பரிசோதனையை யார் பார்ப்பார்கள்? நடுராத்திரி வாந்தி நிற்காவிட்டால் யாரைக் கூப்பிடுவது?" என்றெல்லாம் கேட்கலாம். முதல் சந்திப்பிலேயே ஆபரேஷன் தேதி குறிக்கும் இடத்தையும், மாதக் கடைசிவரை தள்ளுபடி என்று சொல்லும் இடத்தையும் விட்டு எழுந்து வந்துவிடலாம். கூடவே ஒரு சோதனையையும் சொல்வேன். ஆபரேஷனுக்கு முன்பே மூன்று மாதம் தினமும் வைட்டமின் மாத்திரை போட்டு, மெதுவாக மென்று சாப்பிட்டு, சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்காமல் இருந்து பாருங்கள். எடை குறைகிறதா என்று பார்க்க வேண்டாம். எத்தனை நாள் மறந்தீர்கள் என்று மட்டும் குறித்துவையுங்கள்.

இப்போதைக்கு வேண்டாம் என்று முடிவானால், காத்திருப்பதற்கும் ஒரு கெடு வேண்டும். மூன்று மாத சராசரி சுகர், பிபி, கல்லீரல் கொழுப்பு, கடும் குறட்டை இருந்தால் தூக்கப் பரிசோதனை, இவற்றை இன்றே எடுத்துத் தேதி போட்டு வைத்துக்கொண்டு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒப்பிடலாம். எந்த எண் எங்கே போனால் ஆபரேஷன் பேச்சை மறுபடி எடுப்பது என்பதை மருத்துவரோடு உட்கார்ந்து முன்கூட்டியே எழுதிவைத்துவிட்டால், அடுத்த தடவை வீட்டில் "இந்த வயசுல எதுக்கு?" என்று கேட்கும்போது நீட்டிக் காட்ட ஒரு தாள் இருக்கும்.